எந்த உலாவியில் எழுதுவது, எந்த உலாவியில் சோதிப்பது?

வலைத்தளம் கட்டுகிறவர்களிடமிருந்து ஓயாமல் வரும் கேள்வி இது: வேலைக்கு எந்த உலாவியை வைத்துக்கொள்வது? எல்லாக் கருவிகளும் குரோமில் இருக்கின்றன என்கிறார் ஒருவர். ஃபயர்பாக்ஸைக் கைவிடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். மேக் வைத்திருப்பவர் சஃபாரி போதும் என்கிறார். அலுவலகக் கணினியில் எட்ஜ் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்பவரும் உண்டு. நால்வரும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்; சண்டை தீராமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதும்போது நாள் முழுவதும் எந்த உலாவி திறந்திருக்கிறதோ, அது தனிச் செலவில்லாமல் சோதிக்கப்பட்டுவிடுகிறது. மற்றவற்றுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய நேரம் கடைசி வாரத்தில் காணாமல் போய்விடும். குரோமை நீங்கள் சோதிக்காவிட்டாலும் சக பணியாளர், சோதனையாளர், வாடிக்கையாளர், அவருடைய மேலாளர் என்று வரிசையாக எல்லோரும் சோதித்துவிடுவார்கள். ஆகவே அந்த இலவச மணிநேரங்களை வேறு எவரும் திறந்து பார்க்காத உலாவிக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றில் சில கனமானவை.

## எதை வைத்து எடைபோடுவது

வேகம், நினைவகப் பசி, தோற்றம் ஆகியவற்றை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டேன். இன்றைய முன்னணி உலாவிகளுக்கு இடையே இருக்கும் வேக வேறுபாடு, நிரலாளரின் அன்றாட வேலையில் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரியதல்ல. தனியுரிமை முக்கியமானது, ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான தேர்வு. உங்கள் கணினியில் ஓடும் சோதனைப் பக்கத்தை யாரும் வேவு பார்க்கப் போவதில்லை.

எஞ்சியவை நான்கு. முதலாவது, அந்த உலாவி எந்த வகைப் பிழைகளை உங்கள் கண்ணில் காட்டும், எவற்றை மறைக்கும். இரண்டாவது, அதன் டெவலப்பர் கருவிகள் எந்த வேலையில் கைகொடுக்கும். மூன்றாவது, உண்மையான திறன்பேசியோடு அதை இணைத்துப் பார்க்க என்ன தேவை. நான்காவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவு: வாங்க வேண்டிய சாதனம், பழக வேண்டிய நேரம், குழுவுக்குள் எழும் சிக்கல்.

இவற்றுள் முதலாவதற்கே அதிக எடை கொடுக்கிறேன். கருவி இல்லாத குறையை வேறொரு உலாவியைத் திறந்து தீர்த்துக்கொள்ளலாம். இருப்பதே தெரியாத பிழையை அப்படித் தீர்க்க முடியாது.

## பெயர்கள் பல, எஞ்சின்கள் மூன்று

உலாவிகளின் பெயர்ப் பட்டியல் நீளமானது. பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின்களோ நடைமுறையில் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி எல்லாவற்றிலும் இருப்பது பிளிங்க். சஃபாரியில் வெப்கிட். ஃபயர்பாக்ஸில் கெக்கோ. பிளிங்க், 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்த கிளை. வெப்கிட், லினக்ஸ் மேசைத்தளம் உருவாக்கும் கேடிஇ திட்டத்தின் கேஹெச்டிஎம்எல் என்ற எஞ்சினிலிருந்து பிறந்தது. இவை இரண்டும் பங்காளிகள். கெக்கோவின் வம்சம் வேறு.

ஆகவே குரோமிலும் எட்ஜிலும் பிரேவிலும் பார்த்துவிட்டேன், மூன்றிலும் சரியாக இருக்கிறது என்று சொல்பவர் ஒரே எஞ்சினை மூன்று முறை பார்த்திருக்கிறார்.

ஐபோனில் நிலைமை தலைகீழ். அங்கே குரோம் என்று பெயர் போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆப்பிளின் விதி அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 பதிப்பிலிருந்து மாற்று எஞ்சின்களுக்குச் சட்டப்படி வழி திறந்தது. ஆயினும் உலகின் பெரும்பகுதியில் ஐபோன் என்றால் வெப்கிட் என்றே கணக்கு வைக்க வேண்டும். "என் ஐபோனில் குரோமில் உடைகிறது, உங்கள் குரோமில் உடையவில்லையே" என்று வரும் புகாரின் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

## குரோம்: அளக்கச் சிறந்தது

கருவிகளின் வளத்தில் குரோமுக்கு இணை இல்லை, இதில் வாதாட ஒன்றுமில்லை. பக்கத்தின் வேகத்தை ஆராய்வதற்கான பெர்ஃபார்மன்ஸ் பலகம், நினைவகக் கசிவைத் துரத்தும் ஸ்னாப்ஷாட், பக்கத்தின் தரத்துக்கு மதிப்பெண் போடும் லைட்ஹவுஸ் அறிக்கை, சர்வரிலிருந்து வரும் கோப்பை உங்கள் கணினியிலேயே மாற்றி ஓட்டிப் பார்க்கும் ஓவர்ரைட்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் நிரலையும் இதே கருவியால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின். விஎஸ் கோட் என்ற நிரல் திருத்தியில் உள்ளமைந்த பிழைநீக்கி குரோமையும் எட்ஜையும் நேரடியாகப் புரிந்துகொள்கிறது; ஃபயர்பாக்ஸுக்குத் தனி நீட்சி நிறுவ வேண்டும்.

தேடுபொறித் தரவரிசை பற்றிக் கவலைப்படும் தளமாக இருந்தால் குரோமைத் தவிர்க்கவே முடியாது. கூகுள் கணக்கில் எடுக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவைகளின் களத்தரவு, குரோம் பயனர்களிடமிருந்து மட்டுமே திரட்டப்படுகிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி கண்ணில் பட 2.5 விநாடிக்குள், சொடுக்கினால் திரையில் பதில் தெரிய 200 மில்லிவிநாடிக்குள், தளவமைப்பு துள்ளும் அளவு 0.1க்குள் என்பன நல்ல மதிப்பெண்ணுக்கான எல்லைகள். சொடுக்கலுக்கான ஐஎன்பி அளவை 2024 மார்ச்சில் பழைய எஃப்ஐடியின் இடத்தைப் பிடித்தது. இவற்றை அளக்கும் இடம் குரோம்தான்.

மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. குரோமில் ஓடுவதெல்லாம் தரநிலை என்ற நம்பிக்கை மெல்ல மனத்தில் படிந்துவிடுகிறது. சுருள்பட்டையை அலங்கரிக்க வெப்கிட் முன்னொட்டோடு எழுதும் பழைய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) விதிகளைப் பாருங்கள்: பிளிங்கிலும் வெப்கிட்டிலும் அழகாக வேலை செய்யும், ஃபயர்பாக்ஸ் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. குக்கீ இன்னொரு வலை. பிற தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீயை அனுப்பலாமா என்று சொல்லும் சேம்சைட் பண்பைக் குறிப்பிடாமல் விட்டால் அதை 'லேக்ஸ்' (பெரும்பாலும் அனுப்பாதே) என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் குரோம் 2020இல் 80ஆம் பதிப்போடு கொண்டுவந்தது. மற்ற இரு எஞ்சின்களின் இயல்புநிலை அதுவல்ல. பண்பை எழுதாமல் விட்ட குக்கீ குரோமில் பாதுகாப்பாக இருப்பதுபோல் தோன்றும். வேறு இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தீர்வு எளிது, எப்போதும் பண்பை வெளிப்படையாக எழுதுங்கள். ஆனால் எழுத வேண்டும் என்பதைக் குரோமுக்குள்ளேயே இருப்பவருக்கு யார் நினைவூட்டுவது?

குரோமின் சாதன முறை பற்றி ஒரு வார்த்தை. ஐபோன் என்று தேர்ந்தெடுத்தவுடன் திரை சுருங்கி ஐபோன்போல் ஆகிவிடுகிறது. மாறுவது திரையின் அளவு, பிக்சல் விகிதம், தொடுகை, உலாவி தன் பெயராகச் சொல்லும் சரம், இவ்வளவுதான். வரைவது அதே பிளிங்க். தளவமைப்பு எத்தனை அகலத்தில் எப்படி மடிகிறது என்று பார்க்க இது அருமையான வசதி. ஐபோனில் சோதித்தாயிற்று என்று பட்டியலில் டிக் அடிக்க இது போதாது.

குரோம் தெளிவாக வெல்லும் இடங்கள்: வேக ஆய்வு, எலக்ட்ரான் செயலிகள் (வலை நுட்பத்தில் கட்டிய மேசைக்கணினிச் செயலிகள்; அவற்றின் உள்ளே இருப்பதே குரோமின் திறந்த மூல அடித்தளமான குரோமியம்), உலாவி நீட்சி எழுதுதல், வலைப்பக்கத்திலிருந்து புளூடூத் அல்லது யூஎஸ்பி சாதனங்களோடு பேசும் வேலை. கடைசியாகச் சொன்ன இரு வசதிகளையும் மோசில்லாவும் ஆப்பிளும் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி ஏற்க மறுத்துவிட்டன.

## ஃபயர்பாக்ஸ்: எழுதச் சிறந்தது

ஃபயர்பாக்ஸின் பங்கு உலக அளவில் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நிற்கிறது. அதற்காக யார் மெனக்கெடுவது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஃபயர்பாக்ஸில் எழுதச் சொல்வது ஃபயர்பாக்ஸ் பயனருக்காக மட்டும் அல்ல. நீங்கள் எழுதியது தரநிலையின் பலத்தில் நிற்கிறதா, பிளிங்கின் தயவில் நிற்கிறதா என்பது அங்கே எழுதிய நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பிழையை இரண்டு மாதம் கழித்து ஒரு புகாரிலிருந்து தோண்டியெடுப்பதைவிட இது எவ்வளவோ மலிவு.

அந்தச் சதவீதத்தை எண்ணும் முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. உங்கள் தளத்தின் பார்வையாளர் புள்ளிவிவரத்தை எடுத்து, ஃபயர்பாக்ஸ் சொற்பம் என்று முடிவுகட்டுமுன் யோசியுங்கள். கடுமையான பாதுகாப்பு நிலையில் வைக்கப்பட்ட ஃபயர்பாக்ஸ், கண்காணிப்பு நிரல்களையே ஏற்ற விடாது. யூபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பான்கள் அங்கே முழு வலுவோடு இயங்குகின்றன. குரோமில் நீட்சிகளுக்கான புதிய விதிமுறை வந்தபின் அந்த முழு வடிவம் அங்கே கிடையாது. எண்ணும் கருவியையே தடுப்பவர்கள் எண்ணிக்கையில் வர மாட்டார்கள். சர்வரின் பதிவேட்டிலிருந்து எண்ணிப் பாருங்கள், வேறு சித்திரம் கிடைக்கக்கூடும்.

சிஎஸ்எஸ் வேலைக்கு ஃபயர்பாக்ஸின் கருவிகள் எனக்குக் குரோமைவிடப் பிடிக்கும். எழுதிய விதி ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு அது காரணம் சொல்லும். உதாரணமாக, ஃபிளெக்ஸ் என்ற தளவமைப்பு முறையில் இல்லாத ஒரு பெட்டிக்கு ஃபிளெக்ஸ் பண்பு கொடுத்தால் அந்த வரியைச் சாம்பல் நிறமாக்கி, பக்கத்தில் விளக்கமும் வைக்கும். 2019 அக்டோபரில் 70ஆம் பதிப்பில் வந்த வசதி இது. பிறகு குரோமும் இதே வழிக்கு வந்தது. பக்கம் பக்கவாட்டில் வழிந்து ஓடும்போது எந்த உறுப்பு வழிகிறது என்று ஆய்வுப் பலகத்திலேயே ஒரு சின்னம் காட்டிக்கொடுக்கும். நிகழ்வுக் கேட்பி (சொடுக்கு போன்றவற்றுக்குப் பதில் தரும் நிரல்) பொருத்தப்பட்ட உறுப்புக்கு அருகே இன்னொரு சின்னம். எழுத்துரு பலகம், உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். தமிழ்ப் பக்கங்கள் செய்பவர்களுக்கு இது தனி வரம்: நீங்கள் குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் விண்டோஸ் நிர்மலா யூஐயை எடுக்கும், ஆண்ட்ராய்டு நோட்டோ சான்ஸ் தமிழை எடுக்கும், வரி உயரம் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். இது உலாவியின் குற்றமல்ல, இயங்குதளத்தின் தேர்வு. என்றாலும் பழி உலாவியின் மேல்தான் விழும்.

நெட்வொர்க் பலகத்தில் ஒரு கோரிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்பும் வசதி உண்டு. சர்வர் பக்கத்துப் பிழையைத் தேடும்போது இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது பழகியவருக்குத் தெரியும். மோசில்லாவின் மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் நீட்சியை நிறுவிக்கொண்டால் நிர்வாகி, வாடிக்கையாளர், விருந்தினர் என்று மூன்று கணக்குகளை ஒரே சாளரத்தின் மூன்று தாவல்களில் திறந்துவைக்கலாம். குரோமில் இதற்குத் தனித்தனிப் பயனர் சுயவிவரங்கள் வேண்டும்.

சரி, என்ன செலவு? முதலில் பழகும் நேரம். குறுக்குவிசைகள், பலகங்களின் அமைப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. வலையில் கிடைக்கும் பயிற்சிகளும் குழுவின் ஆவணங்களும் குரோமின் படங்களோடுதான் இருக்கும். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இது உறுத்தும். இரண்டாவது, புதியவர்களைக் குழப்பும் ஒரு பழக்கம்: பக்கத்தைச் சாதாரணமாகப் புதுப்பித்தால் படிவத்தில் நிரப்பிய மதிப்புகளையும், முடக்கப்பட்ட பொத்தானின் நிலையையும்கூட ஃபயர்பாக்ஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். 'பொத்தானை இயக்கும்படி மாற்றினேனே, ஏன் இன்னும் முடங்கிக் கிடக்கிறது' என்று நிரலைப் புரட்டிப் பயனில்லை. ஷிப்ட் விசையோடு புதுப்பியுங்கள், அல்லது அந்தப் படிவத்தின் தானியங்கு நிரப்பலை அணைத்துவையுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய செலவு. ஃபயர்பாக்ஸில் சரியாக வந்துவிட்டது என்பதால் சஃபாரியைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. இரண்டும் குரோம் அல்லாதவை என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒட்டுறவு குறைவு.

## சஃபாரி: விட்டுவிட முடியாதது

சஃபாரியைப் பற்றி நிரலாளர்கள் பேசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது வழக்கமாகிவிட்டது. புதிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பட்டமும் கொடுத்தாயிற்று. அந்தப் பட்டத்தை நான் ஏற்கவில்லை. ஓர் உறுப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து அதன் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் ':ஹேஸ்' தெரிவி சஃபாரியில் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது; குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டில்; ஃபயர்பாக்ஸில் 2023 டிசம்பரில்தான். ஒரு கட்டத் தளவமைப்பின் கோடுகளை உள்ளே இருக்கும் கட்டமும் பின்பற்ற உதவும் சப்கிரிட் வசதியில் கடைசியாக வந்து சேர்ந்தது குரோம்: ஃபயர்பாக்ஸ் 2019இலும் சஃபாரி 2022இலும் கொடுத்ததைக் குரோம் 2023 செப்டம்பரில் கொடுத்தது. முன்னணி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 2022 முதல் ஆண்டுதோறும் நடத்தும் இன்டராப் திட்டம் மூன்று எஞ்சின்களுக்கு இடையே இருந்த பள்ளத்தைப் பெருமளவு தூர்த்திருக்கிறது.

சஃபாரியின் உண்மையான தொல்லை அதன் புதுப்பிப்பு முறை. குரோமும் ஃபயர்பாக்ஸும் சில வாரங்களுக்கு ஒருமுறை தாமாகப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. புதிய ஐஓஎஸ் ஏற்க முடியாத பழைய கருவியில் உலாவியும் அங்கேயே நின்றுவிடும். பயனர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், தேடும் இடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் லுக்பிஹைண்ட் என்ற வசதி குரோமில் 2017இல் வந்தது. சஃபாரியில் வந்தது 2023 மார்ச்சில், 16.4ஆம் பதிப்பில். அதற்கு முந்தைய சஃபாரி, கோப்பில் எங்கோ ஒரு மூலையில் அப்படி ஒரு வரியைக் கண்டால் அந்த வரியை மட்டும் தவிர்த்துவிட்டுப் போகாது. தொடரியல் பிழை என்று சொல்லி முழுக் கோப்பையும் நிராகரித்துவிடும். எல்லா நிரலையும் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பும் தளத்தில், வெளியிலிருந்து எடுத்த ஒரு சிறு நூலகத்தின் ஒரே ஒரு வரி மொத்தப் பக்கத்தையும் வெள்ளைத் திரையாக்கிவிடும்.

மற்ற பொறிகளையும் சொல்லிவைக்கிறேன். உயரத்தை 100 விஎச் (திரையின் முழு உயரம்) என்று கொடுத்தால் ஐபோனின் முகவரிப் பட்டை அடிப்பகுதியை விழுங்கிவிடும். இப்போது அதற்கு, அந்தப் பட்டையையும் கணக்கில் கொள்ளும் டிவிஎச், எஸ்விஎச் அலகுகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலைவிடச் சிறியதாக இருந்தால், தொட்டவுடன் பக்கம் முழுவதும் தானாகப் பெரிதாகும். தானாக ஓட வேண்டிய காணொளிக்கு ஒலியடக்கமும் பிளேஸ்இன்லைன் பண்பும் சேர்ந்தே வேண்டும். தேதியையும் நேரத்தையும் இடைவெளி விட்டு எழுதிய சரத்தை நேராக டேட் பொருளுக்குக் கொடுத்தால் பழைய சஃபாரிகள் செல்லாத தேதி என்று கைவிரிக்கும். ஐஎஸ்ஓ வடிவில், நடுவே 'டி' எழுத்தோடு கொடுங்கள். மேக் சஃபாரியில் பொத்தானைச் சொடுக்கினால் அதற்குக் குவியம் (ஃபோகஸ்) கிடைக்காது. டேப் விசை, அமைப்பை மாற்றும் வரை இணைப்புகளின் மேல் நிற்காது. விசைப்பலகை அணுகலைச் சோதிப்பவர்கள் இந்த இரண்டையும் தங்கள் நிரலின் பிழை என்று எண்ணி மணிக்கணக்கில் தேடுவதுண்டு.

சேமிப்பு விஷயம் இன்னும் நுட்பமானது. பயனர் உலாவியைப் பயன்படுத்திய ஏழு நாட்களுக்குள் உங்கள் தளத்தைத் தொடவே இல்லையென்றால், உங்கள் நிரல் லோக்கல் ஸ்டோரேஜில் (தளம் தன் தரவை உலாவிக்குள் வைக்கும் இடம்) எழுதிவைத்ததைச் சஃபாரி அழித்துவிடும். 2020இல் வந்த விதி இது. முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட தளங்களுக்கு விலக்கு உண்டு. வரைவுக் கட்டுரையையோ கூடையிலிட்ட பொருட்களையோ உலாவியில் மட்டுமே சேமித்துவைக்கும் தளம், மேசையில் அமர்ந்து நடத்தும் எந்தச் சோதனையிலும் இதைக் கண்டுபிடிக்காது. மாதம் இருமுறை வரும் பயனர்தான் கண்டுபிடிப்பார். முக்கியமானது எதுவாக இருந்தாலும் சர்வரிலும் ஒரு படி வையுங்கள்.

சஃபாரியின் மறைந்த செலவு வெளிப்படையானது: வன்பொருள். ஐபோனில் ஓடும் பக்கத்தைச் சஃபாரியின் சொந்தக் கருவியால் ஆராய மேக் கணினி வேண்டும். கணினியில் ஐபோனைப் பாவனை செய்யும் சிமுலேட்டருக்கும் மேக்தான் வேண்டும். விண்டோஸில் சஃபாரி 2012க்குப் பிறகு இல்லை. ஆண்ட்ராய்டில் இந்தப் பிரச்சினை கிடையாது; ஒரு யூஎஸ்பி கம்பி இருந்தால் எந்த இயங்குதளத்திலிருந்தும் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டையும் தொலைவிலிருந்து ஆராயலாம்.

மேக் இல்லாதவருக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. பிளேரைட் என்ற சோதனைக் கருவியோடு வரும் வெப்கிட் பதிப்பு விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அசல் சஃபாரி அல்ல அது. ஆயினும் தளவமைப்புப் பிழைகளையும் தொடரியல் பிழைகளையும் நிறையவே பிடித்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு க்னோம் வெப் உலாவி இருக்கிறது, அதன் எஞ்சினும் வெப்கிட்தான். மூன்றாவது, உண்மையான கருவிகளை இணையம் வழி மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் சேவைகள். என் யோசனை வேறு: இயங்குதளம் இன்னும் ஓரளவு புதுப்பிக்கப்படுகிற பழைய ஐபோன் ஒன்றை வாங்கி மேசையில் போட்டுவையுங்கள். ஆய்வுக் கருவி இல்லாவிட்டாலும் போகட்டும், விரலால் தொட்டுப் பார்ப்பதே பாதிச் சோதனை. விசைப்பலகை மேலெழும்போது அடியில் ஒட்டியிருந்த பட்டை எங்கே போகிறது என்பதை எந்த மாதிரிக் கருவியும் சரியாகக் காட்டாது.

சஃபாரியையே முதன்மை உலாவியாக வைத்துக்கொள்ளலாமா? உங்கள் பயனர்களில் பெரும்பாலோர் ஐபோனில் இருந்து, நீங்களும் மேக்கில் வேலை செய்தால், தாராளமாக. கருவிகள் சற்று மெலிந்தவை. என்றாலும் பிழைகள் வரும் இடத்திலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது அந்தக் குறையை ஈடுகட்டும்.

## எட்ஜும் மற்றவையும்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. 2015இல் சொந்த எஞ்சினோடு பிறந்த எட்ஜ், 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறியது. அன்றிலிருந்து டெவலப்பர் கருவிகளும் ஏறக்குறைய குரோமுடையவையே. கூகுள் கணக்கு வேண்டாம், விண்டோஸில் புதிதாக எதையும் நிறுவ அனுமதி இல்லை என்றால் குரோமுக்குப் பதிலாக எட்ஜ் முழுமையாகப் போதும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 பதிப்புக்கான ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அதற்கென எழுதிய பழைய அலுவலகச் செயலிகளை இன்னும் கட்டி மேய்க்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு எட்ஜின் ஐஇ முறை ஒன்றே புகலிடம். பிரேவின் தடுப்பு அரண் இயல்பாகவே எழுந்து நிற்கும். உங்கள் சொந்தத் தளத்தின் நிரல் ஏன் ஏறவில்லை என்று தேடுமுன் அதை இறக்கிப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துவோருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டுமானால் பிரேவ் நல்ல சோதனைக் களம்.

## ஒரே பார்வையில்

| உலாவி | எஞ்சின் | கைகொடுப்பது | மறைந்த செலவு | முதன்மையாக வைக்க |
|---|---|---|---|---|
| குரோம் | பிளிங்க் | வேக ஆய்வு, நினைவகம், நோட்.ஜேஎஸ் | குரோமின் வழக்கத்தைத் தரநிலை என்று நம்பிவிடுவது | எலக்ட்ரான், நீட்சி, வன்பொருள் இணைப்பு |
| ஃபயர்பாக்ஸ் | கெக்கோ | சிஎஸ்எஸ், படிவம், பல கணக்குச் சோதனை | பழகும் நேரம். சஃபாரியைப் பற்றி எதுவும் சொல்லாது | பொதுமக்களுக்கான தளங்கள் |
| சஃபாரி | வெப்கிட் | ஐபோன் பிழைகள் | மேக், ஐபோன் தேவை | ஐபோன் பயனர் மிகுந்த தளங்கள் |
| எட்ஜ் | பிளிங்க் | குரோமைப் போலவே. ஐஇ முறை | புதிய எஞ்சினைச் சோதித்ததாக ஏமாறுவது | நிறுவக் கட்டுப்பாடுள்ள விண்டோஸ் கணினி |

## உங்கள் நிலை எது

தனியாள் வேலை, பொதுமக்கள் பார்க்கும் தளம்: ஃபயர்பாக்ஸில் எழுதுங்கள், வெளியிடுமுன் குரோமில் அளந்துகொள்ளுங்கள், கையில் ஐபோன் வைத்துக்கொள்ளுங்கள். இதுவே என் ஏற்பாடு.

நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் செயலி, எல்லோர் கணினியிலும் எட்ஜ் மட்டுமே: அப்படியானால் எட்ஜில் எழுதுங்கள், மற்றவற்றுக்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் அந்த வரம்பைக் கையெழுத்தோடு வாங்கிவையுங்கள். இன்று உள்ளுக்குள் என்று தொடங்கும் செயலியை நாளை மேலாளர் தன் ஐபோனில் திறந்து பார்ப்பார்.

இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறீர்கள் என்றால் குரோமிலேயே தொடங்குங்கள். பயிற்சிப் பாடத்தில் இருக்கும் பொத்தான் உங்கள் திரையிலும் அதே இடத்தில் இருப்பது அந்தக் கட்டத்தில் பெரிய உதவி. ஃபிளெக்ஸும் கிரிட்டும் கைக்கு வந்தபின் சிஎஸ்எஸ் வேலையை மட்டும் ஃபயர்பாக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

குழுவாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே உலாவி என்று விதி போடாதீர்கள். இந்த விஷயத்தில் ஒழுங்கீனமே நல்லது. ஒருவர் குரோம், ஒருவர் ஃபயர்பாக்ஸ், மேக்காரர் சஃபாரி என்று விட்டுவிட்டால் மூன்று எஞ்சின்களும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். விதியாகப் போட வேண்டியது எந்தப் பதிப்பு வரை ஆதரிக்கிறோம் என்பதை. திட்டத்தின் பிரவுசர்ஸ்லிஸ்ட் அமைப்பில் அதை எழுதிவிட்டால் கட்டமைப்புக் கருவிகள் அதைப் படித்துத் தேவையான மாற்றங்களைத் தாமே செய்யும். புதிய வசதியைச் சேர்க்கலாமா என்ற வாக்குவாதத்துக்குப் பேஸ்லைன் குறியீட்டைப் பாருங்கள்: முன்னணி உலாவிகள் அனைத்திலும் வந்து 30 மாதங்கள் கடந்த வசதியை அது 'பரவலாகக் கிடைப்பது' என்று வகைப்படுத்துகிறது. பழைய ஐபோன்களையும் கணக்கில் கொள்ளும் தளத்துக்கு அந்த 30 மாதம் பொருத்தமான எல்லை.

தானியங்கிச் சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கு: பிளேரைட்டை நிறுவி, முகப்பு, உள்நுழைவு, பணம் செலுத்தும் பக்கம் ஆகிய மூன்றை மட்டும் மூன்று எஞ்சின்களிலும் திறக்கச் சொல்லுங்கள். உலாவியின் கன்சோலில் ஒரு பிழை வந்தாலும் சோதனை தோற்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பொத்தான்களைச் சொடுக்கும் விரிவான சோதனைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லுக்பிஹைண்ட்போல் முழுக் கோப்பையும் கொல்லும் பிழை புதிய வெப்கிட்டில் தெரியாது, அங்கே அந்த வசதி வந்துவிட்டது. அந்த வகைக்கு ஆதரிக்கும் பதிப்புகளில் மிகப் பழைய ஐஓஎஸ் ஓடும் கருவியை, வாடகைக்காவது, வெளியீட்டுக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.